பாதிப் புள்ளி என்றால் பாதி லெவலா?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து பழைய அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு, ஆடப்போகிறோம். எனக்கு வாளும் வேண்டும், மந்திரமும் வேண்டும். எல்ஃப் எடுத்தால் முதல் நாளே ஃபைட்டர், மேஜ் இரண்டும் ஆகலாம். ஆனால் எக்ஸ்.பி., அதாவது அனுபவப் புள்ளி, இரண்டாகப் பிரிந்துவிடும். “பாதி எக்ஸ்.பி. வாங்கினால் கடைசிவரை பாதி லெவலில்தான் கிடப்பாய், மனிதனையே எடு” என்கிறான் நண்பன். எனக்கு விழுந்தது பலம் 16, அறிவு 17. எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் நண்பர் கணக்கில் சறுக்கிவிட்டார். ஃபைட்டரின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் லெவலுக்கு 2,000, அடுத்தது 4,000, பிறகு 8,000, 16,000, 32,000, 64,000. ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல இரு மடங்கு. அப்படியென்றால் புள்ளியைப் பாதியாக்கினால் எவ்வளவு குறையும்? ஒரே ஒரு படி. 40,000 புள்ளி சேர்த்த தனி ஃபைட்டர் ஆறாம் லெவல். அதே புள்ளியை 20,000, 20,000 என்று பிரித்துக்கொண்ட உங்கள் எல்ஃப், ஃபைட்டராக 5, மேஜாகவும் 5. ஒரு லெவலை விட்டுக்கொடுத்து ஒரு தொழிலையே முழுசாக வாங்குகிறீர்கள். இதைவிட மலிவான பேரம் அந்தப் புத்தகத்தில் கிடையாது.

ஹிட் பாயின்டில் கொஞ்சம் அடி விழும். ஃபைட்டரின் பத்துமுகப் பகடையையும் மேஜின் நான்குமுகப் பகடையையும் உருட்டி, விழுவதில் பாதிதான் உங்களுக்கு. கவசம் போட்டால் மந்திரம் வராது, எல்ஃப்களின் சங்கிலிக் கவசம் கிடைத்தாலொழிய.

சிக்கல் ஒன்பதாம் லெவலுக்கு மேல். இரட்டிப்பு அங்கே நின்றுவிடுகிறது. அதன்பின் ஃபைட்டருக்கு ஒவ்வொரு லெவலுக்கும் சீராக இரண்டரை லட்சம். இப்போது பாதி என்பது நிஜமாகவே வலிக்கும். 20 லட்சம் புள்ளியில் தனி ஃபைட்டர் 16-ஆம் லெவல், உங்கள் எல்ஃப் 12. போதாததற்கு, எல்ஃப் ஃபைட்டருக்குப் புத்தகம் விதித்த உச்சவரம்பும் 12-தான். அதற்குமேல் வரும் புள்ளியில் பாதி, வளரவே முடியாத ஃபைட்டர் கணக்கில் போய் விழுந்துகொண்டே இருக்கும். மேஜ் பக்கம் திருப்பிவிட விதி இடம் தராது. மனிதர்களே ஓங்கி நிற்கும் உலகம் வேண்டும் என்று, ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் முதல் பதிப்பிலேயே போட்ட வேலி இந்த உச்சவரம்பு. எனக்கு என்றுமே பிடித்ததில்லை.

மனிதன் போகும் வழி வேறு. ஃபைட்டராக வளர்ந்து, ஒரு நாள் அதை அப்படியே நிறுத்திவிட்டு, மேஜாக ஒன்றாம் லெவலிலிருந்து தொடங்க வேண்டும். விட்ட தொழிலுக்குப் பலம் 15, தொடும் தொழிலுக்கு அறிவு 17 தேவை. மூன்று ஆறுமுகப் பகடையில் 17-க்குக் குறையாமல் விழுவது 216-இல் 4 தடவைதான். உங்களுக்கு விழுந்திருக்கிறது, அதனால்தான் இந்தப் பேச்சே. மேஜ் லெவல் பழைய ஃபைட்டர் லெவலைத் தாண்டும்வரை வாள் வித்தையைத் தொடக்கூடாது. தொட்டால் அந்தச் சண்டைக்கு எக்ஸ்.பி. சுழியம், அந்தச் சாகசம் முழுவதற்கும் பாதி. ஹிட் பாயின்ட் மட்டும் பழையது கையில் இருக்கும், ஆகவே மற்ற புது மேஜ்களைப்போல ஓர் அடியில் சாகமாட்டீர்கள்.

எப்போது மாறுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாம் லெவலில் மாறினால், நான்காம் லெவல் மேஜ் ஆக 10,000 புள்ளி போதும். ஏழாம் லெவல்வரை ஆசைப்பட்டுக் காத்திருந்தால் 90,000 தேவை. அவ்வளவு மாதம் வாளை உறையிலேயே வைத்திருக்கும் பொறுமை உங்களுக்கு உண்டா? இருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆகவே முதலில் ஆட்டத்தை நடத்தும் உங்கள் டன்ஜன் மாஸ்டரைக் கேளுங்கள், ஆட்டத்தை எந்த லெவலில் முடிக்க எண்ணுகிறார் என்று. பத்துக்குள் என்றால் யோசிக்காமல் எல்ஃப். வருடக்கணக்கில் ஓட்டப்போகிறேன் என்றால் மனிதன், ஆனால் மூன்றாம் லெவலிலேயே மாறிவிடுங்கள். எல்ஃப்களுக்கான உச்சவரம்பை அவர் கடைப்பிடிக்கப்போவதில்லை என்றால், மறுபடியும் எல்ஃப்.