ஒரே தோசைக்கல், இரண்டு தட்டு: வீட்டில் புரத அடை

பிள்ளையார்பாளையத்தில் இருந்து எங்களிடம் வரும் குடும்பங்கள் பலவற்றில் தந்தை தறியில் அமர்ந்திருப்பார். மகன் மாலையில் உடற்பயிற்சிக்கூடத்துக்குச் செல்வார். மகன் அங்கிருந்து ஓர் உணவுப் பட்டியலோடு திரும்புகிறார். ஓட்ஸ், வாழைப்பழம், முட்டை வெள்ளைக்கரு, புரதப் பவுடர் ஆகியவற்றைக் கலந்து கல்லில் வார்க்கும் 'புரோட்டீன் பான்கேக்' அதில் தவறாமல் இடம்பெறுகிறது. அடுப்படியில் நிற்கும் தாயார் எங்களிடம் கேட்கும் கேள்வி வேறு: "டாக்டர், பையனுக்குச் செய்வதையே மாமனாருக்கும் கொடுக்கலாமா? அவரும் மெலிந்துகொண்டே போகிறாரே."

இக்கேள்விக்கு விடை காண, முதலில் அந்தப் பணியாரத்தை நம் முறையில் செய்துபார்ப்போம்.

நம்மிடம் உள்ள முன்மாதிரி

பருப்பை ஊறவைத்து அரைத்து வார்க்கும் அடை நமக்குப் புதிதன்று. வரதராசப் பெருமாள் கோயிலின் காஞ்சிபுரம் இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்கின்றன. மிளகு, சீரகம், சுக்கு மணக்கின்றன. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு; பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. இரண்டும் சேரும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. அந்தக் கோயில் இட்லியின் நறுமணப் பொருள்களையே நம் அடைக்கும் எடுத்துக்கொள்வோம்; சர்க்கரையும் வாழைப்பழமும் தேவைப்படா.

செய்முறை (ஒருவருக்கு)

பாசிப்பருப்பு 60 கிராம், ஓட்ஸ் 20 கிராம், முட்டை வெள்ளைக்கரு 3, நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகுத்தூள், சீரகம், சிறிது சுக்குத்தூள், அளவான உப்பு, எண்ணெய் ஒரு தேக்கரண்டி.

பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, கெட்டியாக அரைக்கவும். ஓட்ஸைப் பொடித்துச் சேர்க்கவும். மற்றப் பொருள்களையும் கலந்து, வார்க்கப்போகும் நேரத்தில் மட்டும் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றவும். முட்டை கலந்த மாவை வெயில் காலத்தில் வெளியே வைத்தல் கூடாது. ஊத்தப்பம்போல் கனமாக வார்த்து, மூடி, சிறு தீயில் இருபுறமும் நன்றாக வேகவிடவும். வேகாத வெள்ளைக்கரு கிருமித் தொற்றுக்கு இடம் தரும்.

இதில் கிடைப்பது: பருப்பிலிருந்து ஏறத்தாழ 14 கிராம் புரதம், வெள்ளைக்கருவிலிருந்து 10 முதல் 11 கிராம், ஓட்ஸிலிருந்து 2 கிராமுக்குச் சற்றுக் கூடுதல். மொத்தம் 27 கிராம் அளவு. கலோரி ஏறத்தாழ 375. ஒரு கரண்டிப் புரதப் பவுடர் பொதுவாகத் தருவது 20 முதல் 25 கிராம் புரதமே. முட்டை உண்ணாதவர்கள் வெள்ளைக்கருவுக்கு மாற்றாக 20 கிராம் சோயா உருண்டையைப் பொடித்துச் சேர்த்தால் 10 கிராம் புரதம் கிடைக்கும்.

கண்டிப்பான உணவுமுறையில் இருப்போர் பருப்பைச் சமைக்கும் முன்பே நிறுக்க வேண்டும். உலர்ந்த பருப்பு 100 கிராமில் 24 கிராம் அளவு புரதம் உண்டு. நீர் ஏறி வெந்த பருப்பு 100 கிராமில் 7 கிராம் அளவே இருக்கும். பாவில் இழை எண்ணிப் பழகிய வீடுகளுக்கு இந்தக் கணக்கு கடினமன்று.

எவருக்கு எவ்வளவு?

உடல்நலமுள்ள பெரியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 70 கிலோ இளைஞருக்கு இது 58 கிராம். தசை வளர்க்கக் கடும் பயிற்சி செய்பவர் கிலோவுக்கு 1.6 கிராம் வரை, அதாவது 112 கிராம் வரை, பல வேளைகளாகப் பிரித்து உண்ணலாம். சிறுநீரகம் நலமாக இருப்பவருக்கு இவ்வளவு கேடு தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் சிறுநீரகக் கோளாறு தொடக்கத்தில் வலி காட்டாது. ஆகவே உணவுமுறையை மாற்றும் முன் இரத்த அழுத்தம், இரத்தக் கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரியாட்டின் மாவு உட்கொள்பவர் அதனை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; அது பரிசோதனை முடிவை உயர்த்திக் காட்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி, உடல் வளர்ப்புக்கான புரதப் பவுடர்களைத் தவிர்க்கவே அறிவுறுத்துகிறது.

தாத்தாவின் தட்டு

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். மாமனார் 60 கிலோ எடையுள்ளவர், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர், இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர் என்று கொள்வோம். அவருக்கு நாள் முழுவதற்கும் பொதுவாக 48 கிராம் புரதமே இலக்கு. பேரனின் அடை ஒரே வேளையில் அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அவருக்கு 25 கிராம் பருப்பும் 30 கிராம் அரிசி மாவும் சேர்த்து வார்த்தால் 8 கிராம் அளவில் நிற்கும்.

அவர் மெலிவதைக் கண்டு புரதத்தை ஏற்றுவதும் தவறு. அஞ்சி அறவே நிறுத்துவதும் தவறு. மெலிவுக்குப் பல காரணங்கள் உண்டு. போதிய கலோரி இல்லாவிட்டாலும் தசை கரையும். காரணத்தை மருத்துவர் கண்டறியட்டும்.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கே மாறுகிறது. அப்போது கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. ஏனெனில் அச்சிகிச்சையில் புரதக் கூறுகள் வெளியேறுகின்றன. பருப்பில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் மிகுதி. வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. எனவே அவர்களுக்கு 40 கிராம் அரிசி மாவில் மூன்று வெள்ளைக்கரு கலந்த அடை பொருத்தமானது. அளவை உங்கள் மருத்துவரும் உணவியல் நிபுணரும் உறுதிசெய்வர்.

ஆகவே, அம்மா, அடுப்பும் கல்லும் ஒன்றாகவே இருக்கட்டும். மாவு மட்டும் இரண்டு கிண்ணங்களில் இருக்கட்டும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு நாளில் உண்பதை அளவோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். எவர் தட்டில் எவ்வளவு என்பதைச் சேர்ந்து தீர்மானிப்போம்.