தூண் பிளந்த பிறகு

கேள்வி: 'மகாவதார் நரசிம்மா' அனிமேஷன் படத்துக்கு மகனை அழைத்துப்போனோம். நரசிம்மரும் இரணியனும் வெகுநேரம் சண்டை போடுகிறார்கள். "தூண் பிளந்தது, மடியில் கிடத்தினார், முடிந்தது. மற்றதெல்லாம் சினிமாக்காரன் சேர்த்தது" என்கிறார் மாமியார். புராணத்தில் சண்டை உண்டா, இல்லையா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: உண்டு அம்மா. ஆனால் மிகச் சுருக்கம். பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் இரணியன் கதாயுதத்தோடு பாய்கிறான். நரசிம்மர் பிடிக்கிறார், ஒருமுறை கைநழுவித் தப்பிவிடுகிறான். மேகத்தில் மறைந்து பார்த்துக்கொண்டிருந்த தேவர்களுக்குக் கதிகலங்குகிறது. அடுத்து வாளும் கேடயமுமாக வருகிறவனைப் பிடித்து, சபையின் வாசற்படியில் தொடைமேல் கிடத்தி நகத்தால் பிளக்கிறார். சில சுலோகங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. (நீண்ட போர்தான் வேண்டும் என்றால் மூன்றாம் ஸ்கந்தத்தில் வராகருக்கும் இரணியாட்சனுக்கும் நடப்பதைப் படிக்கலாம்.)

சிற்பிகளும் இரண்டு விதமாகவும் செதுக்கியிருக்கிறார்கள். எல்லோராவின் 15-ஆம் குகையில் இருவரும் நின்றபடி மோதுகிறார்கள். நாமக்கல் குகைக்கோயிலில் மடியில் கிடத்திய வதம். உங்கள் மாமியார் மனத்தில் இருப்பது இந்த இரண்டாவது.

நம் கம்பர் ஒரு படி மேலே போனார். வால்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை யுத்த காண்டத்தில் வைத்து, நரசிம்மர் அசுரப் படையையே அழிப்பதாகப் பாடினார். அந்த அமளிக்கு நடுவே பிரகலாதன் தகப்பனிடம் ஓடுகிறான்: இப்போதாவது வணங்குங்கள், உங்கள் பிழையைப் பொறுத்துக்கொள்வார் என்று கெஞ்சுகிறான். சிங்கத்தின் தோளையும் உன்னையும் சேர்த்து வெட்டிவிட்டு என் வாளைத்தான் வணங்குவேன் என்கிறான் இரணியன். எத்தனை கிராஃபிக்ஸ் போட்டாலும் இந்த ஒரு பேச்சுக்கு ஈடாகாது.

சண்டையை நீட்டியதில் எனக்குக் குறையில்லை. அதற்குப் பிறகு வருவதை நம் பக்திப் படங்கள் பலவும் ஒரு துதிப்பாட்டோடு முடித்துவிடுகின்றனவே, அதுதான் வருத்தம். பாகவதம் நின்று நிதானிக்கிற இடமே அதுதான். இரணியன் செத்தும் நரசிம்மரின் கோபம் தணியவில்லை. தேவர்கள் திருமகளை அனுப்புகிறார்கள். இப்படியொரு வடிவத்தை அவளே கண்டதில்லை, கிட்டே போக அஞ்சுகிறாள். கடைசியில் பிரம்மா அந்தக் குழந்தையைப் போகச் சொல்கிறார். பிரகலாதன் போய்க் காலில் விழ, இரணியனைப் பிளந்த அதே கையை அவன் தலைமேல் வைக்கிறார். பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட சுலோகங்களில் பிள்ளை பேசுகிறான்.

வரம் கேள் என்றால் மறுக்கிறான்: தொண்டு செய்து பலன் கேட்கிறவன் வியாபாரி என்று சொல்லிவிடுகிறான். பிறகு ஒன்று கேட்கிறான், தன்னைக் கொல்லப் பார்த்த தகப்பனின் பாவம் தீர வேண்டும் என்று. நரசிம்மர் அதைக் கொடுத்து, அப்பாவுக்குச் செய்ய வேண்டிய ஈமக்கடனைச் செய் என்று அனுப்புகிறார். அவனும் செய்கிறான். அதன் பிறகே பட்டாபிஷேகம். இதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். படத்தில் பார்த்த சண்டையின் பொருள் அவனுக்குப் பிடிபடும்.

மெலட்டூர் உங்களுக்கு அதிகத் தூரமில்லை. நரசிம்ம ஜயந்தியையொட்டி அங்கே பாகவத மேளா நாட்டிய நாடகமாகப் 'பிரகலாத சரித்திரம்' இரவு முழுக்க நடக்கும். நரசிம்மர் முகமூடி ஆண்டு முழுவதும் கோயிலில் பூஜையில் இருப்பது. அதை அணிகிறவர் விரதமிருந்து அணிகிறார். ஆவேசம் வந்தவரைச் சுற்றியிருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.