பூஜ்யம் சொல்வது என்ன?

ஓம் விதியைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் ஆய்வகம் சென்றோம். எங்கள் குழுவின் அம்மீட்டர் முள் அசையவே இல்லை. "மின்னோட்டம் பூஜ்யம்" என்று குறிப்பேட்டில் அழகாக எழுதி வைத்தோம். அதைப் படித்த அறிவியல் சிஸ்டர், "மின்னோட்டம் இல்லையா, கம்பியே இணையவில்லையா? எதுவென்று பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். பார்த்தோம். ஒரு கம்பி முனை கழன்று கிடந்தது!

இந்தக் கேள்வியை அன்றாடம் கேட்பதே ஒரு தொழில் என்று பின்னர் அறிந்தோம். அதுதான் தொழிற்சாலை எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் பணி. பத்தாம் வகுப்பை முடிக்கப் போகும் நாம் அதைப் பற்றி அறிந்துகொள்வோம், தோழியரே!

பணியின் தன்மை

ஆலைகளில் மோட்டாரின் வேகம், உலையின் வெப்பம், தொட்டியின் நீர்மட்டம் யாவற்றையும் மின்னணுக் கருவிகள் அளந்து கட்டுப்படுத்துகின்றன. அவற்றைப் பொருத்துவதும், சோதிப்பதும், பழுது பார்ப்பதும் டெக்னீஷியனின் கடமை.

பால் பண்ணையை எடுத்துக்கொள்வோம். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்துக் கிருமிகளை அழிக்கிறார்கள். வெப்பத்தை அளக்கும் கருவி, கட்டுப்பாட்டு அறைக்கு மின்னோட்டத்தின் மூலம் செய்தி அனுப்புகிறது. 0 முதல் 100 டிகிரி வரை அளக்கும் கருவியானால், 0 டிகிரிக்கு 4 மில்லி ஆம்பியர்; 100 டிகிரிக்கு 20 மில்லி ஆம்பியர். ஒரு டிகிரிக்கு 0.16 வீதம், 72 டிகிரிக்கு 15.52 மில்லி ஆம்பியர். இம்மின்னோட்டத்தை 250 ஓம் மின்தடை வழியே செலுத்தினால் 1 முதல் 5 வோல்ட் வரை கிடைக்கும். நாம் படிக்கும் ஓம் விதியேதான்!

பூஜ்யத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குவது ஏன்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகும். 0 டிகிரிக்கும் பூஜ்யமே அடையாளமாயிருந்தால், பால் குளிர்ந்துவிட்டதா, கம்பி அறுந்ததா என்று எப்படி அறிவது? இப்போதோ 4 என்றால் குளிர்ச்சி; பூஜ்யம் என்றால் பழுது. என்ன அருமையான ஏற்பாடு!

உயிர் காக்கும் பழக்கம்

பழுது பார்க்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே மீட்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பின்பு வேலை செய்யும் இடத்தில். மீண்டும் முதல் இடத்தில். மீட்டர் கெட்டிருந்தாலும் பூஜ்யமே காட்டும் அல்லவா? அதை நம்பித் தொட்டால் உயிர் போய்விடும்.

பயிற்சி

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் 'எலெக்ட்ரானிக் மெக்கானிக்' பிரிவு உண்டு. கணிதம், அறிவியலுடன் பத்தாம் வகுப்பில் தேறி, 14 வயது நிரம்பியவர் சேரலாம். படிப்பு இரண்டு ஆண்டுகள். பின்னர் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் ஆலையில் பழகுநராகலாம். பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். சென்னை தரமணியில் பெண்களுக்கென்றே டாக்டர் தர்மாம்பாள் அரசினர் பாலிடெக்னிக் இருக்கிறது.

பெற்றோரிடம் ஒரு சொல்

"பெண் பிள்ளைக்கு இது ஏற்றதா?" என்று வீட்டில் கேட்கக்கூடும். இது எளிய வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. இரைச்சல் உண்டு, எண்ணெய்ப் பிசுக்கு உண்டு, இரவு முறையும் உண்டு. பெண்கள் ஆலையில் இரவுப் பணி செய்வதற்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த தடையை, சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாதென்றது. ஆனால் இப்பணிக்கு முதல் தேவை தோள்வலிமையன்று. பொறுமையும் கூர்ந்த பார்வையுமே.

இக்கட்டுரையை எழுதுமுன், "இத்தொழிலுக்குப் போக யாருக்கு ஆசை?" என்று வகுப்பில் கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. பூஜ்யம்! குறிப்பேட்டில் எழுதப் போனபோது சிஸ்டரின் கேள்வி நினைவுக்கு வந்தது. ஆசை இல்லையா, செய்தியே வந்து சேரவில்லையா? தோழியரே, கம்பியை இணைத்துவிட்டோம். முள் அசைகிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.