மேடையும் திரையும்: பிக்மேலியன்

நுழையும்முன்
நாடகம் திரைப்படமாகும்போது காட்சிகள் மட்டுமா மாறுகின்றன? சில வேளைகளில் கதையின் கருத்தும் மாறிவிடுகிறது.

பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' என்னும் இன்பியல் நாடகம் 1914இல் இலண்டனில் மேடையேறியது. தெருவில் பூ விற்கும் எலிசாவுக்கு உயர்குடியினரின் ஆங்கிலத்தைக் கற்பிக்கிறார், ஒலியியல் அறிஞர் ஹிக்கின்ஸ். இருவரும் மணம் புரிவார்கள் என்றே பார்வையாளர் எதிர்பார்ப்பர். ஷாவோ, எலிசா தன்மதிப்புடன் ஹிக்கின்ஸைப் பிரிவதாக நாடகத்தை முடித்தார். அவள் தன்னை விரும்பிய ஃபிரெடியை மணந்தாள் எனப் பின்னுரையிலும் விளக்கினார்.

அந்தோணி அஸ்குவித், லெஸ்லி ஹோவர்டு ஆகியோரின் இயக்கத்தில் 1938இல் இந்நாடகம் திரைப்படமாயிற்று. மேடையில் இடம்பெறாத விருந்து நடனம் திரையில் விரிந்தது. நாடகம் சுருக்கமாகக் காட்டிய மொழிப்பயிற்சி, தொடர்காட்சிகளாக வளர்ந்து எலிசாவின் உழைப்பை உணர்த்தியது. இவை திரைக்கலை தந்த வளம். ஆனால், இறுதிக்காட்சியில் எலிசா ஹிக்கின்ஸிடமே திரும்பி வருகிறாள். இப்படத்தின் திரைக்கதைக்காக ஆஸ்கர் விருது பெற்றோருள் ஷாவும் ஒருவர். எனினும், இம்முடிவு அவர் விரும்பியதன்று.

காட்சிகளைக் கூட்டுவது தழுவலின் உரிமை. தன் வாழ்வைத் தானே தேர்ந்த பெண்ணைத் திரும்ப வரச்செய்வதோ, நாடகத்தின் உயிர்க்கருத்தையே மாற்றுவதாகும்.

கற்பவை கற்றபின்...
எலிசாவின் முடிவாக உங்களுக்கு ஏற்புடையது எது? காரணங்களுடன் வகுப்பில் கலந்துரையாடுக.