பாட்டியின் தட்டில் பூக்கோசு

தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி வீடு. இரவு ஏழு மணி. மேசையில் மீன் குழம்பும் கத்திரிக்காய்ப் பொரியலும் ஆவி பறக்கும் சோறும் இருந்தன. எல்லாரும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டார்கள். பாட்டி மட்டும் இரண்டு சப்பாத்திகளை எடுத்துக்கொண்டு வரவேற்பறை நாற்காலிக்குப் போய்விட்டார். சப்பாத்தியிலும் மாவுச்சத்து உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஆனால், சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடலாம், சோற்றை எண்ண முடியுமா என்பது அவருடைய கணக்கு.

அதற்கு முந்திய மாதம் பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோது, பாட்டியின் சர்க்கரை அளவு கூடியிருந்தது. "சோற்றைக் குறையுங்கள்," என்றார் மருத்துவர். பாட்டி அதை அடியோடு விட்டுவிட்டார். சப்பாத்தியோடு மீன் குழம்பு அவருக்கு ருசிக்கவில்லை. ஒருநாள் அதையும் பாதியில் வைத்துவிட்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு படுத்தார். பத்து மணிக்கெல்லாம் உடல் வியர்த்தது, கை நடுங்கியது. மகள் அரைக் குவளை ஆரஞ்சுச் சாறு கொடுத்த பிறகுதான் தெளிந்தார். நீரிழிவுக்கான சில மாத்திரைகளும் இன்சுலினும் நோயாளி உண்ணும் அளவை மனத்தில் வைத்துத் தரப்படுபவை. சாப்பாடு திடீரென்று குறைந்து, மருந்து குறையாமல் இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் மருத்துவர் மருந்தின் அளவைச் சரிபார்த்தார். சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தைக் காய்கறியால் நிரப்பச் சொன்னார்.

சிங்கப்பூரில் இப்படிப்பட்ட வீடுகள் பல. 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. மறு ஆண்டு, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தமது தேசிய தினக் கூட்ட உரையில் இந்நோயைப் பற்றி விரிவாகப் பேசினார். சீனர்களைவிட மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் இது அதிகமாகக் காணப்படுகிறது. வெள்ளை அரிசிச் சோறு விரைவாகச் செரித்து, குளுக்கோசாக இரத்தத்தில் கலக்கிறது. அதனால்தான் சோற்றின் அளவைக் குறைக்கச் சொல்கிறார்கள். சொல்வது எளிது. மாண்டரின் மொழியில் சாப்பிடுவதைக் குறிக்கும் தொடருக்கே 'சோறு உண்பது' என்பதுதான் நேர்ப்பொருள். தமிழர் வீடுகளிலும் கதை அதுதான்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் பேத்திதான் பூக்கோசைப் பற்றி யோசித்தாள். கடையில் காலிஃபிளவர் என்று கேட்டு வாங்கும் அதே காய். முதல் முயற்சி தோல்வி. அவள் பூவைக் கழுவிய ஈரத்தோடு துருவினாள். உப்பைத் தூவிக் கிளறினாள். வாணலியை மூடிப் பதினைந்து நிமிடம் வேகவிட்டாள். மூடியைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பாட்டி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, "கஞ்சி நன்றாக இருக்கிறதம்மா. சோறு எங்கே?" என்றார்.

பூக்கோசின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். துருவும்போது அதன் உயிரணுக்கள் உடைகின்றன. உப்பு அந்த நீரை வெளியே இழுக்கிறது. மூடியோ ஆவியைப் போகவிடாமல் தடுக்கிறது. அரிசி தண்ணீரைக் குடித்துச் சோறாகும்; பூக்கோசிடமிருந்து தண்ணீரைப் பிடுங்க வேண்டும். நெடுநேரம் வெந்தால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெளிப்பட்டு வாடையும் கூடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு பேத்தி செய்முறையையே தலைகீழாக மாற்றினாள்.

தேக்கா சந்தையில் இறுக்கமாகவும் கனமாகவும் இருந்த ஒரு பூவைத் தேர்ந்தெடுத்தாள். புழு இருந்தால் வெளியேறட்டும் என்று அதை உப்பு நீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, துணியில் பரப்பி நன்றாக உலரவைத்தாள். துருவியின் பெரிய துளைப் பக்கத்தில் தேய்த்தபோது அரிசிமணி அளவில் உதிர்ந்தது. மின் அரைப்பானிலும் செய்யலாம். ஆனால், விட்டு விட்டு ஓட்ட வேண்டும். ஒரு கணம் கூடுதலாக ஓடினாலும் சட்னிதான்! தண்டை எறிந்துவிடாமல் அதையும் துருவிக்கொண்டாள். பிறகு மெல்லிய துணியில் கட்டி, பாட்டியின் கையில் கொடுத்தாள். தேங்காய்ப்பால் பிழிந்து பழகிய கை அது. அரைக் கிண்ணம் நீர் வடிந்தது.

அகன்ற வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை. பெருந்தீயில் துருவலைப் பரப்பி, மூடாமல் ஐந்து நிமிடம் புரட்டினாள். இறக்கும் நேரத்தில்தான் உப்பு. இந்த முறை பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தன.

ஒரு கிண்ணச் சோற்றின் எடை ஏறக்குறைய 160 கிராம். அதில் மாவுச்சத்து மட்டும் சுமார் 45 கிராம். அதே எடையுள்ள பூக்கோசில் சுமார் 8 கிராம்தான். இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்தால் ஒரு கிண்ணத்தில் 27 கிராமுக்குள் அடங்கிவிடும். பூக்கோசில் நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் உண்டு. ஆனால், சோறு தரும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை. ஓடி விளையாடும் பேத்தி தன் சோற்றை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

அன்றிரவு பாட்டியின் தட்டில் பாதி சோறும் பாதி பூக்கோசும் கலந்து வைக்கப்பட்டன. அவர் மேசையிலேயே உட்கார்ந்தார். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"சோறு மாதிரி இல்லை," என்றார். இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். "ஆனால், குழம்பு ஒட்டுகிறது."

"அப்படியானால் நாளைக்கும் செய்யட்டுமா, பாட்டி?"

"செய். ஆனால், ரசம் வைக்காதே. இதில் ரசத்தை ஊற்றினால் எல்லாம் மிதக்கும்."