கலைவாணரின் நகையும் இசையும்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். அது பிறத்தற்குரிய நிலைக்களங்களாக எள்ளுதல், இளமை, அறியாமை, மடமை என்னும் நான்கினையும் அவர் கூறினார். எள்ளுதலை விரிக்கப் புகுந்த உரையாசிரியராகிய பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலும் என அதனை இருவகைப்படுத்துவர். முன்னையது எளிது, தெருத்தோறும் காணலாம். பின்னையது அரிது. அவ்வரிய நகையை இசையோடு கூட்டித் தமிழர்க்கு வழங்கியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அவரது நகைச்சுவையைப் புகழ்வோர் பலர். அந்நகையைத் தாங்கி நின்றது இசைக்கலையே என்பதனை எண்ணுவோர் சிலரே.

அவர் 1908ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், அக்காலத்தே திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த நாகர்கோவிலின் பாங்கர் ஒழுகினசேரியிற் பிறந்தார். வறுமை காரணமாகப் பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றுத் திரிந்த அச்சிறுவனுக்கு வாய்த்த கலைக்கழகம் வில்லுப்பாட்டே எனலாம். நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கோயிற்கொடைகளில் இரவெல்லாம் நிகழ்வது அக்கலை. மணிகள் கட்டிய நெடிய வில்லைக் குடத்தின்மேல் அமர்த்தி, வீசுகோலால் நாணைத் தட்டித் தலைமைப் பாடகர் கதை சொல்லுவார். உடுக்கையும் தாளமும் உடன் ஒலிக்கும். அருகிருப்போர் 'ஆமாம்' என்று இசைந்தும், இடையிடையே வினாவியும், சில வேளை குறும்பாக மறுத்தும் கதையை நடத்திச் செல்வர். இவ்வினாவிடை முறையை மாணவ நண்பர்கள் நினைவிற் கொள்ளுக. கிருஷ்ணனுடைய நகைச்சுவை முழுதிற்கும் இதுவே வித்து என்பது எம் கருத்து.

பின்னர் அவர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையிற் சேர்ந்தார். வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்', 'தேசபக்தி' என்னும் பெயரோடு மேடையேறியபோது, அதன் நடுவே காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக நடத்தினார். சுடலைமாடன் கதை பாடிய வில்லில் நாட்டு விடுதலையைப் பாடுதல் அக்காலத்திற் புதுமை. 1935இல் 'மேனகா', 1936இல் 'சதி லீலாவதி' எனத் திரைப்படங்கள் தொடர்ந்தன. 'வசந்தசேனா' படத்திலே உடன் நடிக்க வந்த டி. ஏ. மதுரம் அம்மையார் அவருக்கு வாழ்க்கைத் துணைவியுமாயினார். பாட்டிலும் பேச்சிலும் அவ்வம்மையார் இடைமறித்து வினாவ, இவர் விடையிறுப்பது வில்லிசையின் பக்கப்பாட்டே அன்றோ? அம்மையாரின் பங்கினைக் கணவரின் நிழலாகக் கருதுவோர் வில்லுப்பாட்டை அறியாதவர். எதிர்க்குரல் இன்றேல் அங்கே கதையே நடவாது.

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுட்காலத் தண்டனை பெற்றனர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டு, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர். அவர் சிறையிலிருந்த காலத்தே மதுரம் அம்மையார் தளராது, எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடக சபை நடத்தினார். அச்சபையார் எடுத்த 'பைத்தியக்காரன்' படத்தில், விடுதலையாகி வந்த கிருஷ்ணனுக்கும் ஒரு பாத்திரம் சேர்க்கப்பட்டது. அதிலே அவர் பாடியது எதனைப் பற்றி? சிறைக்குச் சென்று வருவதைப் பற்றியே! ஊரார் மறைவிற் பேசியதனைத் தாமே மேடைக்கு இழுத்து வந்து நகையாக்கினார். பாகவதரின் குரல் வளம் ஒப்பற்றது. ஆயினும் சிறையினின்று மீண்டபின் அவர்தம் பழம்புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணனோ முன்னிலும் உயர்ந்தார். ஊழ் என்பார் என்க. பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை நகையே அவரைக் காத்தது என்று யாம் கொள்கின்றோம்.

அந்நகையின் கொடுமுடி, சி. என். அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி' படத்தில் (1949) வரும் 'கிந்தனார்' காலட்சேபம். பாட்டு உடுமலை நாராயண கவியுடையது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைத் தமிழ்நாடு நன்கறியும். நந்தன் தில்லை செல்ல ஏங்கினான். கிந்தனோ கல்வி கற்க ஏங்கினான். ஊர்ப்பள்ளியில் அடிபட்ட அவ்வேழைச் சிறுவன், புகைவண்டி ஏறி நகரடைந்து, கற்று, பள்ளிகளை மேற்பார்க்கும் அதிகாரியாக மீளுகின்றான். பாகவதர் கோலமும், பின்பாட்டும், கதாகாலட்சேப நடையும் மாறாதிருக்க, உட்பொருள் மட்டும் மாறிற்று. காலட்சேபத்தை இகழும் எண்ணம் அதில் இல்லை. அக்கலையில் தேர்ச்சியில்லாதவன் அதனை அங்ஙனம் கையாளவும் இயலாது. புகைவண்டியின் ஓட்டத்தைத் தாளத்திற் காட்டும் பகுதியைக் கேட்டு இன்றும் சிறுவர் நகைப்பர். வீட்டில் முதன்முதற் கற்றோராய் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளை நோக்கிப் பேருந்தேறும் இளைஞர்க்கு அவ்வண்டியோசை வேறொரு பொருளும் தரும். அதே படத்தில் மதுவிலக்கை வற்புறுத்தும் இடங்கள் சில நீண்டு சலிப்பூட்டுகின்றன என்பதையும் மறைத்தல் வேண்டா. பாட்டின்றி அவர் அறிவுரை கூறும்போதெல்லாம் சுவை சற்றே குன்றும்.

'மணமகள்' (1951), 'பணம்' (1952) என்னும் படங்களை அவரே இயக்கினார். பின்னதன் வழியே விசுவநாதன், இராமமூர்த்தி இருவரையும் இணைப்பெயரோடு இசையமைப்பாளராக உலகிற்கு அறிமுகம் செய்தார். 'ராஜா ராணி' (1956) படத்திலே சிரிப்பின் வகைகளைத் தாமே சிரித்துக் காட்டிப் பாடினார். மெய்ப்பாட்டியலை மேடையில் நடத்தினாற் போன்றது அது. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், ஐம்பது வயது நிரம்பு முன்னரே மறைந்தார்.

அவர் நெல்லைப் பகுதியிற் கண்டெடுத்துச் சென்னைக்கு அழைத்துவந்த கவிஞர் சுப்பு ஆறுமுகம், அவ்வில்லை ஏந்தி ஊரூராகக் கதை பாடி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022 அக்டோபரில் காலமானார்.