உடைந்த பல்லைத் தூக்கி எறியாதீர்கள்

ரிமோட் மான்ஸ்டர் ட்ரக் ஓட்டுபவர்களில் டிஃபரன்ஷியலைப் பிரித்துப் பார்க்காதவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு முறை பல் போனால் அது விளையாட்டுச் செலவு, விட்டுவிடலாம். அதே டிஃப், அதே அச்சு, புதுக் கியர் போட்ட சில நாளிலேயே மறுபடி கடகடவென்று சத்தம் போட்டால்தான் தலைவலி. என் வண்டிகளையும் நண்பர்கள் கொண்டுவந்து கொடுக்கும் வண்டிகளையும் பிரித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது: முதல் முறை உடைந்த காரணமும் மூன்றாம் முறை உடைந்த காரணமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. முதலாவது, ஒரு மோசமான தாவலாக இருந்திருக்கலாம். அடுத்தடுத்து வருவதெல்லாம் அந்த முதல் உடைப்பு உள்ளே விட்டுப்போன சேதத்தின் வேலை.

பாகங்களை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் பக்கத்திலிருந்து வரும் தண்டின் முனையில் இருப்பது பினியன். அது கடித்துச் சுழற்றும் பெரிய சக்கரம் கிரவுன் வீல். கிரவுன் வீல் ஒரு கப்பின் மேல் திருகுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். கப்புக்குள் குறுக்குக் கம்பியில் கோத்த சின்ன ஸ்பைடர் கியர்கள், அவற்றோடு கடிபடும் இரண்டு சன் கியர்கள், சுற்றிலும் சிலிக்கான் எண்ணெய். இந்த மொத்த உருப்படியும் இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்து, பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆன ஹவுசிங்குக்குள் அடைபட்டிருக்கும். லாரிப் பட்டறையில் ‘கிரவுன் பினியன்’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள், ஜோடியாகத்தான் மாற்றுவார்கள். நம் ஆட்கள் கிரவுன் வீலை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு, தேய்ந்த பினியனோடு ஓட விடுகிறார்கள். பழைய பினியனின் தேய்மானத்துக்கு ஏற்றபடி புதுப் பல்லும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

நிஜ மான்ஸ்டர் ட்ரக்கில் இந்த இடத்துக்கு வரும் சுமை வேறு மாதிரி. 66 அங்குல டயரைச் சுழற்றுகிற இன்றைய வண்டிகளில், வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டும் கடைசி வேலையைச் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் பிளானட்டரி கியர் செய்துவிடுகிறது. அது டிஃபரன்ஷியலுக்கு அப்பால் இருப்பதால், டிஃபின் மேல் விழும் முறுக்கு அந்த அளவுக்குக் குறைகிறது. நம் மாடல்களில் பெரும்பாலானவற்றில் அந்த வசதி கிடையாது. கடைசிக் குறைப்பே கிரவுன் பினியனில்தான் நடக்கிறது. சக்கரம் தரையில் வாங்கும் அடி நேராக அந்தச் சின்னப் பல்லுக்குத்தான் போகும்.

இதோடு பிரஷ்லெஸ் மோட்டார் சேர்ந்தது. 2,200 கே.வி. (அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு அத்தனை சுற்று) மோட்டாரை மூன்று செல் பேட்டரியில், அதாவது 11.1 வோல்ட்டில் ஓட்டினால் கணக்குப்படி நிமிடத்துக்கு 24,000 சுற்றுக்குச் சற்று மேல். நான்கு செல் போட்டால் 14.8 வோல்ட், 32,000க்கு மேல். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் சுழலும் சக்கரத்தில் தேங்கியிருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. பெரிய, கனமான டயர் போட்டிருந்தால் இன்னும் மோசம். ‘ஒரு செல்தானே அண்ணா கூட்டினேன்’ என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். கழுவிய டயருக்குள் தண்ணீர் தங்கி, ஸ்பாஞ்ச் ஊறி, சக்கரமே இரட்டிப்பாகக் கனத்துக் கிடந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அதை யாரும் சந்தேகிப்பதே இல்லை.

சரி, டிஃப் போய்விட்டது. முதலில் செய்ய வேண்டியது, உடைந்த கியரைக் குப்பையில் போடாமல் நல்ல வெளிச்சத்தில் ஒரு லென்ஸ் வைத்துப் பார்ப்பது. நான் வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டப்பா நிறைய இப்படிப்பட்ட கியர்கள்தான்.

ஒன்றிரண்டு பல் மட்டும் வேரோடு முறிந்து, மற்றவை புதிதுபோல இருந்தால் அது அடி. தாவி இறங்கும்போதோ, சுவரில் மோதும்போதோ ஒரே கணத்தில் நடந்தது. எல்லாப் பல்லும் ஒரே சீராக மெலிந்து கத்தி முனைபோல் ஆகியிருந்தால் மண்ணும் கிரீஸ் இல்லாமையும். பல்லின் வேர் நன்றாக இருந்து, நுனி மட்டும் சுற்றிலும் மழுங்கி உருண்டிருந்தால் இரண்டு சக்கரமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடியிருக்கின்றன. வெளியே கிரவுன் பினியன் நன்றாக இருந்து கப்புக்குள் ஸ்பைடர் கியர்கள் பொடியாகியிருந்தால், ஒரு பக்கச் சக்கரம் அடிக்கடி அந்தரத்தில் தனியாகச் சுழன்றிருக்கிறது, அல்லது எண்ணெய் கசிந்து போயிருக்கிறது.

பல்லுக்கு இரண்டு முகம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. வண்டியை முன்னால் தள்ளும்போது ஒரு முகம் சுமை தாங்கும், பிரேக்குக்கும் ரிவர்ஸுக்கும் மறு முகம். எலெக்ட்ரிக் வண்டியில் பிரேக் என்பதும் மோட்டார்தான். அந்தச் சுமையும் இதே பற்கள் வழியாகத்தான் போகிறது. பிரேக் போட்டதும் பாரம் முன்னால் சாய்வதால் முன் டிஃப் அதிகம் வாங்கும். முன் டிஃப் மட்டும் திரும்பத் திரும்பப் போய், தேய்மானம் பிரேக் முகத்தில் இருந்தால், ஸ்பீட் கன்ட்ரோலரில் பிரேக் அளவைக் குறைத்துப் பாருங்கள். எந்த உதிரிபாகமும் வாங்க வேண்டியிருக்காது. பின் டிஃப் மட்டும் போனால் வீலி அடிப்பதைச் சந்தேகிக்கலாம். முன்சக்கரம் தூக்கியிருக்கும்வரை மொத்த வண்டியையும் பின் டிஃப்தான் இழுக்கிறது.

நுனி மழுங்கிய வகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடர் உடைப்பில் நான் அதிகம் பார்ப்பது அதுதான். எங்கள் ஓட்டுநர் குழுவில் ஒரு தம்பி தன் வண்டியோடு வந்தான். பின் டிஃப். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட விலை உயர்ந்த கியராகப் போட்டிருந்தான்.

“அண்ணா, ஸ்டீல்ல மிஷின்ல வெட்டின கியரே போட்டாச்சு. இதுக்கு மேல என்னத்தைப் போடுறது?”

“கியர் இருக்கட்டும்டா. ஹவுசிங் எங்க?”

“அது நல்லாத்தான் இருக்கு. முதல்ல வந்ததுதான், ஒரு கீறல்கூட இல்ல.”

அதுதான் விஷயம். அவன் கொண்டுவந்த கியர்களில் முதலாவதில் மட்டும் பல் வேரோடு முறிந்திருந்தது. அதற்குப் பிறகு போனவை எல்லாம் நுனி மழுங்கியவை. முதல் உடைப்பில் முறிந்த பல்துண்டு இடையில் மாட்டி, கிரவுன் வீலைப் பக்கவாட்டில் நெம்பியிருக்கிறது. அந்த நெம்பலில் பேரிங் உட்காரும் பிளாஸ்டிக் குழி நீள்வட்டமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. புது பேரிங்கைக் குழியில் வைத்து விரலால் ஆட்டினால் லேசாக ஆடியது. இப்படிப்பட்ட ஹவுசிங்கில் என்ன கியர் போட்டாலும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்த கணத்தில் கிரவுன் வீல் பினியனைவிட்டு ஒதுங்கும். ஒதுங்கினால் நுனியோடு நுனி உரசும். ஹவுசிங்கின் விலை, அவன் கடைசியாக வாங்கிய கியரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

எனவே இரண்டாம் முறை பல் போனால் என் பார்வை கியரைத் தாங்கும் பொருள்களுக்குத்தான் முதலில் போகும். பினியன் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பார்ப்பேன். அசைந்தால் பினியன் பேரிங் போய்விட்டது, அல்லது பின்னால் இடைவெளியை நிரப்பும் மெல்லிய வாஷர், அதாவது ஷிம், குறைகிறது. ஹவுசிங்கின் இரு பாதியையும் பிணைக்கும் திருகுகள் பிளாஸ்டிக்கில் மரை போய்ச் சும்மா சுற்றுகின்றனவா என்று பார்ப்பேன். அப்படியிருந்தால் சுமை ஏறும்போது ஹவுசிங்கே வாயைத் திறக்கும். கிரவுன் வீலைக் கப்போடு பிணைக்கும் திருகுகள் உலோகத்தோடு உலோகமாக இருந்தால் நீல நிற லாக்டைட் ஒரு துளி வைப்பேன். பிளாஸ்டிக் மரைக்கு அதை வைக்காதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக்கை அது வெடிக்க வைத்துவிடும்.

பேரிங்குக்காக வெளிநாட்டுப் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பழைய பேரிங்கின் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு சாதாரண பேரிங் கடைக்குப் போனால் போதும். 8-16-5 அளவுக்கு 688 என்று கேட்கலாம், 5-11-4க்கு எம்.ஆர்.115. இரண்டு பக்கமும் மூடியதாகக் கேளுங்கள்.

அடுத்தது சுத்தம். பல் முறிந்த டிஃபில் துண்டுகள் கிரீஸுக்குள் ஒளிந்திருக்கும். உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, கடைசியில் ஒரு காந்தத்தை ஹவுசிங் முழுக்கத் தடவி எடுப்பேன். எடுத்த பிறகும் காந்தத்தில் பொடி ஒட்டிக்கொண்டே வரும். ஓ-ரிங்கைப் பெட்ரோலில் போடாதீர்கள், ஊதிப் பெருத்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு போதும்.

ஷிம் போடுவதில்தான் பொறுமை தேவை. முதலில் மோட்டார் பினியனைக் கழற்றிவிடுங்கள் அல்லது டிஃபைத் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மோட்டாரின் காந்த இழுப்பை இறுக்கம் என்று கை நினைத்துக்கொள்ளும். கிரவுன் வீலின் முதுகுப் பக்கம் உள்ள பேரிங்குக்கும் கப்புக்கும் நடுவே மெல்லிய ஷிம் ஒன்றைப் போட்டால், கிரவுன் வீல் பினியனை நோக்கி அந்த அளவுக்கு நகரும். 0.1 மில்லிமீட்டர் ஷிம் போட்டு மூடி, திருகுகளை முழுசாக இறுக்கி, சுற்றிப் பாருங்கள். சுற்றுவது கரகரப்பாக, பிடித்துப் பிடித்து வரும்வரை கூட்டிக்கொண்டே போய், பிறகு ஒன்றைக் குறையுங்கள். விரலால் ஆட்டினால் ஒரு சின்ன ‘டிக்’ தெரிய வேண்டும், தொளதொளப்பு இருக்கக் கூடாது. கிரவுன் வீலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் கிரவுன் வீல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் கப்பின் விளிம்பில் ஒரு மண்துகள் இருக்கும்.

லாரிப் பட்டறையில் கிரவுன் பல்லில் நீலச் சாயம் தடவி, சுற்றி, சாயம் எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பதுண்டு. நான் மார்க்கர் பேனாவால் நான்கைந்து பல்லுக்கு மை பூசி அதையே செய்கிறேன். சக்கர அச்சு மாட்டும் அவுட்டிரைவை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்ற வேண்டும், சுமை இல்லாமல் சுற்றினால் ஒன்றும் தெரியாது. மை பல்லின் நடுவில் அழிந்திருந்தால் நிம்மதியாக மூடலாம்.

கப்புக்குள்ளும் ஷிம் உண்டு. சன் கியருக்குப் பின்னால் இருக்கும் அந்த மெல்லிய வாஷர் துடைக்கும்போது துணியோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. அது இல்லாமல் போட்டால் ஸ்பைடர் கியர் அரைகுறையாகத்தான் கடிக்கும்.

எண்ணெயைப் பற்றி நண்பர்களிடையே நடக்கும் விவாதங்களில் பாதி எனக்குத் தேவையற்றதாகப் படும். கப்புக்குள் ஊற்றும் சிலிக்கான் எண்ணெயின் முக்கிய வேலை, இரு சக்கரமும் தனித்தனியே ஓடுவதற்குத் தடை கொடுப்பது. நான் பின்னால் 10,000 சென்டிஸ்டோக், முன்னால் அதைவிடக் கொஞ்சம் கெட்டி, நடு டிஃப் இருந்தால் அதில் 1,00,000க்கு மேல் என்று தொடங்குவேன், பிறகு ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்வேன். கெட்டியாகப் போட்டால் ஸ்பைடர் கியர் பிழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பின் டிஃப் பூட்டியதுபோல் ஆகும்வரை போனால், ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தச் சுமை அச்சுகளுக்கும் அவுட்டிரைவுக்கும் போகும். எண்ணெய் குறுக்குக் கம்பியை மூடினால் போதும். விளிம்புவரை ஊற்றினால் சூட்டில் விரிந்து ஓ-ரிங்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வந்தது சும்மா இருக்காது, வெளியே கிரவுன் பினியனில் தடவிய கிரீஸை இளக்கி, பல்லிலிருந்து வழித்துவிடும். கிரவுன் பல் மெலிந்த சில வண்டிகளில் தேடிப்போனால், கடைசியில் கிடைத்தது கசிந்த ஓ-ரிங்தான்.

ஓட்டும் விதம் பற்றி ஒன்று மட்டும். ‘அந்தரத்தில் ஆக்ஸிலரேட்டரை விடு’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. முழு வேகத்தில் சுழலும் சக்கரத்தோடு இறங்குவது எவ்வளவு மோசமோ, மூக்கைத் தாழ்த்த பிரேக் போட்டு, சக்கரம் நின்ற நிலையிலேயே இறங்குவதும் கிட்டத்தட்ட அவ்வளவு மோசம். தரை ஓடும் வேகத்துக்குச் சக்கரமும் ஓடிக்கொண்டிருந்தால் பல்லுக்கு அடியே இல்லை. மூக்கைச் சரிசெய்த பிறகு, தரை தொடும் முன் லேசாகத் தொட்டுக் கொடுத்தால் அது வரும். கொஞ்சம் பழக வேண்டும்.

அளவுக்கு மீறிய முறுக்கு வந்தால் வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டியில் அதை முழுசாக இறுக்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பிடிப்பான தரையில் நின்ற நிலையிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால், முதல் ஓரிரு அடிக்கு ஸ்லிப்பர் கீச்சென்று வழுக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள், நெடுநேரம் கேட்டால் இறுக்குங்கள், இல்லாவிட்டால் பேடு கருகிவிடும். ஸ்லிப்பர் இல்லாமல் நடு டிஃப் மட்டும் உள்ள வண்டியில் ஸ்பீட் கன்ட்ரோலரின் பஞ்ச் அளவைக் குறைப்பதுதான் வழி.

அந்தத் தம்பியின் வண்டிக்குப் புது ஹவுசிங், நான்கு பேரிங், பெட்டியில் வந்த அதே மாதிரி சாதாரணக் கியர். ஸ்லிப்பரைக் கால் சுற்று தளர்த்தினோம். இப்போது டிஃப் நிற்கிறது. பின் டிரைவ் ஷாஃப்ட்தான் அவ்வப்போது முறுக்கிக்கொள்கிறதாம். அதை மாற்ற இரண்டு திருகு கழற்றினால் போதும், மைதானத்திலேயே உட்கார்ந்து மாற்றிவிடுகிறான்.